அம்மாவுக்கும் ஏற்ற வீடா?

புது வீடு பார்க்கப் போனால் வரவேற்பறையின் அழகைப் பார்க்கிறோம்; பாடசாலை எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். இரவில் கழிவறைக்குப் போக அம்மா எத்தனை படி இறங்கவேண்டும் என்று எண்ணுகிறோமா?

1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிவரை நடந்த என் அம்மா, இங்கே நான் ஆசையாக விரித்த சிறு கம்பளத்தில் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வைத்தியனான எனக்கே அதன் பின்னர்தான் உறைத்தது.

65 வயதைத் தாண்டியோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் விழுகிறார்.

முதியவர்களுக்குக் கீழ்த்தளத்திலேயே படுக்கையறையும் கழிவறையும் இருப்பது நல்லது. படிக்கட்டின் இருபுறமும் குளியலறைச் சுவரிலும் கைபிடி பொருத்துங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். கடைக்கு நடந்துபோகக்கூடிய இடமாகத் தேடுங்கள்; நடந்தால்தான் கால்கள் பலமாயிருக்கும்.

வழுக்கும் சிறு கம்பளங்களை இன்றே சுருட்டி வையுங்கள்.