கேட்டில் தொங்கும் பால்

காலை ஐந்தரை மணிக்குச் சென்னையின் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு கேட்டில் ஒரு துணிப்பை தொங்கும், அல்லது ஒரு பிளாஸ்டிக் கூடை. சைக்கிளிலோ மொபெட்டிலோ வரும் ஒருவர் காலை மட்டும் ஊன்றிக்கொண்டு இரண்டு பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே இன்னும் விளக்கு எரிந்திருக்காது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி சென்ற மாதம் என்னிடம் கேட்டார்கள்: "வீட்டுக்குப் போடச் சொல்றதுல என்ன சார் லாபம்? தெருமுனைக் கடையிலதான் எப்பவும் பால் இருக்கே." நான் பணக் கணக்கைச் சொன்னேன். பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் தினம் இரண்டு பாக்கெட்டுக்கு மாதம் 60 ரூபாய். அதற்குத் தினமும் ஒரு நடை மிச்சம். வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அவர்கள் கேட்டதற்கு அது போதாது என்று பட்டது. அரிசியைப் பற்றியோ செய்தித்தாளைப் பற்றியோ கேட்டிருந்தால் அந்தக் கணக்கு போதும். பால் அப்படியல்ல. மடியை விட்டு இறங்கிய நொடியிலிருந்து அதற்கு நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. வாசலில் பால் வாங்குவது சரியா தவறா என்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்கிறது.

என் பாட்டி காலத்தில் மயிலாப்பூரில் பாலுக்கும் அடுப்புக்கும் நடுவே அதிகம் போனால் பத்து நிமிடம். மாடே வாசலுக்கு வரும். பால்காரர் சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவார், உள்ளே தண்ணீர் இல்லை என்பதற்கு. பாட்டி திண்ணையில் நின்று கடைசிச் சொட்டுவரை பார்த்திருப்பார். சில பால்காரர்களின் தோளில் வைக்கோல் அடைத்த கன்றின் தோல் ஒன்று தொங்கும். கன்று இறந்துபோன மாட்டுக்கு முன்னால் அதை நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே நிற்க, பால் இறங்கும். சிறு வயதில் எனக்கு அது பெரும் துயரமாக இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஓர் உடலியல் உண்மை இருக்கிறது.

மடியில் ஊறிய பாலில் பெரும்பகுதி, குழாயைத் திறந்தால் கொட்டும் தொட்டித் தண்ணீர்போல நிற்பதில்லை. மடிக்குள் இருக்கும் எண்ணற்ற நுண்ணிய பைகளில் அது தங்கியிருக்கிறது. கன்று முட்டும்போது, அல்லது காம்பைக் கை வருடும்போது, அந்தத் தொடுவுணர்வு மூளைக்குப் போகிறது. மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது மடியை அடைந்ததும் அந்தப் பைகளைச் சுற்றியுள்ள தசையிழைகள் இறுகி, பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகின்றன. இதற்கு ஒரு நிமிடம் போல ஆகும். அதன் வேகம் நீடிப்பதும் சில நிமிடங்களே. நம் நாட்டு மாடுகள் பலவற்றுக்குக் கன்றின் மணமும் ஸ்பரிசமும் இருந்தால்தான் இந்தச் சங்கிலி தொடங்கும். நாய் குரைத்து மாடு மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மாடு பாலை அடக்கிக்கொண்டது என்று கறப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

கண்முன்னே கறந்த பாலில் ஏமாற்று குறைவு. மாடு தெருவை விட்டுப் போய், பால் மட்டும் கேனில் வரத் தொடங்கியபோதுதான் சந்தேகமும் கூட வந்தது. அதற்கு விடையாக வந்த கண்ணாடிக் கருவி லாக்டோமீட்டர். அடியில் கனம் வைத்த மிதவை அது, அவ்வளவுதான். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், நல்ல பசும்பாலின் அடர்த்தி 1.028க்கும் 1.032க்கும் நடுவே இருக்கும். பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி இறங்கும், மிதவை ஆழமாக அமிழும், எண் 28க்குக் கீழே காட்டும். எளிய பரிசோதனை என்பதால் பல வீடுகளில் இதை வாங்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் லாக்டோமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பாலின் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆகவே ஆடையை எடுத்துவிட்ட பாலின் அடர்த்தி குறையாமல் கூடும். முதலில் ஆடையை எடுத்து, பிறகு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் எண் பழையபடி 28இல் வந்து நிற்கும். இரண்டு முறை கொள்ளை போன பாலுக்குக் கருவி நற்சான்று தரும். சர்க்கரையோ உப்போ போட்டும் எண்ணை ஏற்றலாம். இதனால்தான் கூட்டுறவுச் சங்கங்களில் அடர்த்தியோடு கொழுப்பையும் தனியே அளக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் கண்ட முறை இதற்கு வெகுகாலம் துணை நின்றது: கந்தக அமிலத்தால் பாலின் புரதத்தைக் கரைத்து, குழாயை வேகமாகச் சுழற்றினால், கொழுப்பு மட்டும் மேலே பிரிந்து நிற்கும்; எவ்வளவு என்று கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். கிராமச் சங்கத்தில் காலையும் மாலையும் பால் சேர்கிறது. பல இடங்களில் அங்கேயே பெரிய குளிர்கலன்களில் 4 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, டேங்கர் லாரியில் பால்பண்ணைக்கு அனுப்புகிறார்கள். சென்னைக்கான ஆவின் பால் மாதவரம், அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பண்ணைகளில் பாக்கெட்டாகிறது. அங்கே பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, 15 விநாடி அந்தச் சூட்டிலேயே ஓடவிட்டு, உடனே மறுபடி குளிர்விக்கிறார்கள். இதுதான் பாஸ்டுரைசேஷன். காசநோய்க் கிருமி உட்பட நோய் தருபவை இந்த 15 விநாடியில் அழிகின்றன. வேலை முழுதாக முடிந்ததா என்று பார்க்க ஓர் அழகான வழி உண்டு. பாலில் இயற்கையாக இருக்கும் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதி, இந்தக் கிருமிகளைக் கொல்லத் தேவையான சூட்டுக்குச் சற்றே மேலான சூட்டில்தான் செயலிழக்கும். அந்த நொதி செத்திருந்தால் கிருமியும் செத்திருக்கும்.

பாக்கெட்டின் நிறம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்று. அதை நம்ப வேண்டாம், எழுத்தைப் படியுங்கள். நிறைகொழுப்புப் பால் என்றால் கொழுப்பு 6 சதவீதம். நிலைப்படுத்தியது 4.5, சமன்படுத்தியது 3, இருமுறை சமன்படுத்தியது 1.5. சமன்படுத்திய பால் நம் நாட்டிலேயே பிறந்தது. 1940களில் பம்பாயின் பால் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, கொழுப்பு மிகுந்த எருமைப்பாலில் கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் தண்ணீரும் சேர்த்து, அதே பாலை அதிகம் பேருக்கு எட்டவைத்த தாரா குரோடியின் யோசனை அது. வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோரோடு 1963இல் மகசேசே விருது பெற்றவர் அவர். குரியனைத் தெரிந்த அளவுக்கு அவரை நமக்குத் தெரியாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

பாஸ்டுரைசேஷன் பாலில் இருக்கும் எல்லா உயிர்களையும் ஒழிப்பதில்லை. நோய் தராத, ஆனால் பாலைப் புளிக்கவைக்கக்கூடிய பாக்டீரியாக்கள் சில பிழைத்திருக்கும். 4 டிகிரியில் அவை கிட்டத்தட்ட அசைவற்றுக் கிடக்கும். 30 டிகிரியில், ஏற்ற வகையாக இருந்தால், அரைமணிக்கு ஒரு முறை இரட்டிக்கும். நான்கு மணி நேரத்தில் எட்டு இரட்டிப்பு: ஒன்று 256 ஆகிவிடும்.

மாதவரத்தில் குளிர்ந்த பால் உங்கள் வாசலில் ஏன் சூடேறுகிறது? ஒரு டப்பில் இருபதுக்கு மேற்பட்ட அரை லிட்டர் பாக்கெட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். நடுவிலிருக்கும் பாக்கெட்டைச் சுற்றிலும் குளிர்ந்த பாக்கெட்டுகளே இருப்பதால் வெளிச்சூடு அதைத் தொடவே நேரமாகும். ஒன்றுக்கொன்று போர்வை. டப்பிலிருந்து எடுத்துத் தனியாகக் கேட்டில் மாட்டியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பாக்கெட் மெல்லியது, தட்டையானது. உள்ளிருக்கும் பால் கொஞ்சம், வெளியே காற்றுப் படும் பரப்பு அதிகம். சென்னையின் சாதாரண விடியற்காலையில்கூட ஒரு மணி நேரத்தில் அதன் குளிர்ச்சி பாதிக்கு மேல் கரைந்துவிடும். பாக்கெட்டின் மேல் வழிகிற நீர்த்துளிகளைப் பார்த்து 'இன்னும் ஜில்லென்று இருக்கிறது' என்று நினைப்போம். அந்தத் துளிகள் காற்றின் ஈரம். அவை பாக்கெட்டின் மேல் படியும்போதே தம் வெப்பத்தைப் பாலுக்குக் கொடுத்துவிடுகின்றன. எத்தனையோ மைல் குளிரிலேயே கொண்டுவந்த பாலை, கடைசிப் பத்தடியில் நாம் கைவிடுகிறோம். இந்த இடம் எனக்கு மனம் பொறுக்காத இடம்.

கேட்டில் தொங்கிய பால் எட்டு மணிக்குப் பார்க்கும்போது நன்றாகத்தானே இருக்கிறது, காய்ச்சும்போது மட்டும் ஏன் திரிகிறது? பாலின் முக்கியப் புரதம் கேசின், நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே இருக்கும். பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விட, அந்த மின்னூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. புதுப் பாலின் pH அளவு 6.6, 6.7. அது 4.6க்கு இறங்கினால் சும்மா வைத்த இடத்திலேயே பால் கட்டியாகும். நம் தயிர் அதுதான். ஆனால் சூடு சேர்ந்தால் அவ்வளவு புளிக்க வேண்டியதில்லை. நாக்குக்கே தெரியாத சிறு புளிப்பு போதும், கொதி வருமுன் உருண்டைகள் ஒட்டிக்கொண்டுவிடும். பால்காரரையும் கம்பெனியையும் திட்டுமுன் பாக்கெட் எத்தனை மணிக்கு வந்தது, நாம் எத்தனை மணிக்கு எடுத்தோம் என்று ஒரு தரம் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

வாசலில் விட்ட பாலுக்கு வேறு சொந்தக்காரர்களும் உண்டு. எங்கள் தெருவில் காகம் பாக்கெட்டைக் கொத்தி ஓட்டையிட்டுவிடும், பூனையும் வரும். இங்கிலாந்தில் வாசற்படியில் வைத்த பால் பாட்டில்களின் மூடியைக் கொத்தித் திறந்து மேலே மிதக்கும் ஆடையைக் குடிக்கச் சிட்டுக்குருவி அளவேயான டிட் பறவைகள் கற்றுக்கொண்டன. சவுத்தாம்ப்டன் அருகே ஸ்வேத்லிங் என்ற ஊரில் 1921இல் இது முதன்முதலாகப் பதிவானது. பிறகு நாடெங்கும் பரவியது. விலங்குகள் பழக்கங்களை எப்படிப் பெறுகின்றன என்பதை ஆராய்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி அது.

கண்ணாடிப் பாட்டிலில் 'பண்ணைப் பால்' கொண்டுவந்து தரும் சேவைகள் இப்போது நகரங்களில் கூடிவருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் பாலிலுள்ள ரைபோஃபிளேவின் வைட்டமின் ஒளியில் சிதையும், சுவையும் கெடும். அதைவிட முக்கியம், அந்தப் பால் பாஸ்டுரைஸ் செய்ததா, பச்சைப்பாலா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. பைக்கில் கேன் கட்டி வரும் பால்காரரின் கறந்த பாலுக்கும் இதே கேள்விதான். புதிதாகக் கறந்த பாலுக்குக் கிருமிகளைச் சிறிது நேரம் தடுக்கும் இயற்கைச் சக்தி உண்டு, ஆனால் நம் சூட்டில் அது வெகுநேரம் தாங்காது. பத்து வீட்டுக்கு ஊற்றிவிட்டு உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றால் வாங்கியதும் அடுப்பில் ஏற்றிப் பொங்கவிடுங்கள். பச்சையாகக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

ஆகவே என் முடிவு, கொஞ்சம் கண்டிப்பானது. பால் வரும்போது கைநீட்டி வாங்க வீட்டில் ஒருவர் விழித்திருந்தால், வீட்டுக்கு வாங்குங்கள். அந்தச் சிறு கூலி நியாயமானது. கொடுப்பவர் மூன்று மணிக்கு எழுந்து டப் இறக்குகிறவர். மழைநாளில் அவர் வராவிட்டால்தான் அவர் அருமை தெரியும். மாத அட்டை வைத்திருந்தால் ஆவின் பால் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் கிடைக்கும். எட்டு மணிக்கு எழுகிற வீடு என்றால் கேட்டுப் பையை எடுத்துவிடுங்கள். முந்தின நாள் மாலை, குளிர்பெட்டியை இரவில் அணைக்காத கடையாகப் பார்த்து, தேதி படித்து வாங்குவது மேல். இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களுக்கு ஒரு வழி: மூடியுள்ள சிறு தெர்மாகோல் பெட்டியை வாசலில் வைத்து, ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைப் படுக்கப்போகுமுன் அதற்குள் போட்டுவிடுவது. பாலைப் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்லிப் பால்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பக்கத்து வீட்டுத் தம்பதியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். "நான் ஏழரைக்கு சார். இவர் நைட் ஷிஃப்ட், அஞ்சேகாலுக்குத்தான் வீட்டுக்கே வருவார்." இப்போது அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டிலேயே நிற்கிறார். பால்காரர் வந்ததும் பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பால் காய்ச்சி, ஒரு காபி குடித்துவிட்டுத் தூங்கப் போகிறார்.