உங்களுக்குத் தெரியுமா? குட்டை லீவரும் எட்டாத விரலும்

சின்னக் கைக்குக் குட்டை லீவர் தீர்வே அல்ல! பைக்கில் கிளட்ச், பிரேக் லீவரின் நீளம் குறைந்தாலும், கைப்பிடிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையாது. நெம்புகோல் குறுகுவதால் அழுத்தப் பலம்தான் கூடுதலாக வேண்டும்.

• கடையில் கேட்க வேண்டியது, இடைவெளியை மாற்றும் திருகு உள்ள லீவர். பலவற்றில் 6 நிலைகள் உண்டு. கேடிஎம் 390 டியூக், ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 போன்றவற்றில் கம்பெனியே பொருத்தித் தருகிறது. அவற்றுக்கு வீண் செலவு எதற்கு?

• கிளட்ச் கேபிளைச் சற்றே தளர்த்தினால், கிளட்ச் பிடிக்கும் இடம் கைப்பிடியை நெருங்கும். அளவு மீறினால் கியர் முரண்டு பிடிக்கும்.

• பிரேக் லீவரை ரொம்பக் கிட்டே கொண்டுவந்தால், முழு பிரேக் பிடிக்கும் முன்பே கைப்பிடியில் முட்டக்கூடும். ஓட்டுமுன் நின்றபடி அழுத்திப் பாருங்கள்.

• லீவர் முனையில் உள்ள உருண்டை, விழும்போது உடலில் குத்தாமலிருக்க.