ஏழு சிடியில் ஒரு கூத்து

தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. அதுவரை அது சேலம் மாவட்டம். அந்தக் கணக்கில், டி.ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் தருமபுரிக்காரர்களுக்கும் சொந்த ஸ்டூடியோதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அவர்கள் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) படமும் அவர்களுடையதே. அலிபாபாவை இன்று நினைத்த நேரத்தில் பார்க்கலாம். பாலனுக்கு உலகத்தில் ஒரு பிரதிகூட இல்லை. சில புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமும்தான் மிச்சம். தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931) கதையும் இதுவே.

ஏன் அழிந்தன? அந்தக் காலப் பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவுக்காரப் பொருள் அது. தீப்பிடித்தால் எரிவதற்கான ஆக்சிஜனையும் தானே தரும். தண்ணீருக்குள் முக்கினாலும் அணையாது. எரியாமல் தப்பினாலும் நம் ஊர் வெயிலில் மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். பிலிமில் இருந்த வெள்ளிக்காகவே பழைய பிரதிகளைக் கரைத்தவர்களும் உண்டு.

ஆனால் வேதியியல் பாதிக் காரணம்தான். மறுபாதி, பிரதிகள் எத்தனை பேர் கையில் இருந்தன என்பது. 1933-இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படத்தின் மீது, மூலநாவலின் பதிப்பாளர் திருவனந்தபுரத்தில் வழக்குப் போட்டார். படம் திரையரங்கை விட்டு வெளியேறியது. அந்த வழக்கால் ஒரு பிரதி பதிப்பாளர் தரப்பிலேயே தங்கிப்போனது. 1974-இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்து தொலையாமல் வேறொருவர் கையில் கிடந்த பிரதி என்பதால் பிழைத்த படம் அது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு பிரதி ஓர் ஆண்டில் அழிய 10-இல் 1 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் இரண்டு பிரதிகள் இருந்தால், இரண்டும் அதே ஆண்டில் அழிய 100-இல் 1 வாய்ப்பு. மூன்று பிரதிகள் என்றால் 1,000-இல் 1. இங்கே உயிரான சொல் ‘தொடர்பில்லாத’ என்பது. ஒரே அலமாரியில் மூன்று பிரதிகளை வைத்தால் ஒரு கரையான் புற்று போதும்.

ஓடிடியை இந்தக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் ஒரு படத்தை உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களில் வைத்திருக்கிறது. படம் சில விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். சிக்னலுக்கு ஏற்ற தரத்தைப் போன் தானே கேட்டு வாங்கும். அதனால்தான் சித்தேரி மலைப் பக்கம் சிக்னல் குறையும்போது படம் நிற்பதற்கு முன்னால் மங்குகிறது. பிரதிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அத்தனையும் ஒரே கையில். ஒரே ஒரு முடிவில் எல்லாப் பிரதிகளும் ஒன்றாக மறையும்.

‘டவுன்லோட் செய்துவிட்டேன், என் போனில்தான் இருக்கிறது’ என்று பலர் நம்புகிறார்கள். போனில் இருப்பது பூட்டிய பெட்டி. படக்கோப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. திறக்கும் சாவியை நிறுவனத்தின் சர்வர் காலக்கெடு வைத்துத் தருகிறது. கெடு தாண்டினாலோ, சந்தா நின்றாலோ, படத்தின் உரிம ஒப்பந்தம் முடிந்தாலோ சாவி வேலை செய்யாது. ஒரு ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டு கோப்பு அங்கேயே கிடந்தாலும் பயனில்லை.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2023 டிசம்பரில் ஓடிடிக்கு வந்த ‘அன்னபூரணி’, எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. அந்த எதிர்ப்பைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், சந்தா கட்டியவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹாட்ஸ்டாரில் இருந்த எச்பிஓ தொடர்கள் 2023 மார்ச் 31-உடன் போயின. தனியாகக் காசு கொடுத்து ‘வாங்கிய’ படங்களும் பெரும்பாலும் பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. 2009-இல் அமேசான், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்து, பணத்தைத் திருப்பித் தந்தது. உரிமத்தை மட்டும் விற்கும்போது அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டமே கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும்.

ஒருமுறை பார்த்து மறக்கும் படத்துக்குச் சந்தாவே போதும்; மலிவு, இடத்தையும் அடைக்காது. திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் என்றால் டிவிடி வாங்கி வைப்பது நல்லது. இவ்விரண்டையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது, எந்த ஓடிடியிலும் இல்லாத, ஒருநாளும் வரப்போகாத படங்கள்.

தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு, கடைசியில் துரியோதனன் படுகளம். டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்திலிருந்தே உள்ளூர் வீடியோக்காரர்கள் கல்யாணத்தோடு கூத்தையும் பிடித்தார்கள். பிறகு விசிடி வந்தது. 1993-இல் வகுத்த அந்த வடிவத்தில் ஒரு தட்டில் 74 நிமிடம்தான் அடங்கும். விடிய விடிய 8 மணி நேரம் ஆடிய கூத்துக்கு ஏழு தட்டு வேண்டும். அந்த ஏழில் ஒன்று போனாலும் கதை நடுவில் அறுந்துவிடும்.

வீட்டில் எழுதிய சிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெளிச்சமும் அந்தச் சாயத்தை வெளுக்கவைக்கும். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைப்பார்கள். உண்மையில் சிடியின் பலவீனம் மேல்பக்கம். பெயர் எழுதும் அந்தப் பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு நேர் கீழேயே உலோகப் படலம் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே தகவல் காயப்படும். விஎச்எஸ் கேசட்டின் நிலைமை இன்னும் மோசம். நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி உதிரும், பூஞ்சையும் பிடிக்கும். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்குக் கருவி வேண்டுமே? விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உள்ள கருவிகளும் பழுதாகிக்கொண்டே வருகின்றன.

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர் போனது. வட்டெழுத்தில் பொறித்த சில கற்களுக்கு வயது 1,400 ஆண்டுக்கு மேல். கல்லாயிற்றே என்று தொல்லியல் துறையினர் சும்மா இருந்துவிடவில்லை. மைப்படி எடுத்து, வாசித்து, நூலாக அச்சிட்டார்கள். கல்லுக்கே அது தேவைப்பட்டது என்றால் பிளாஸ்டிக் தட்டை நாம் எந்த நம்பிக்கையில் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம்?

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. ஓடுகிற டெக் ஒன்றும், அதைக் கணினியோடு இணைக்கும் கருவி ஒன்றும் இருந்தால் கேசட்டைக் கோப்பாக்கலாம். சிடி என்றால் இன்னும் சுலபம். மூன்று பிரதிகள் எடுங்கள். இரண்டை வெவ்வேறு வகைக் கருவிகளில் வையுங்கள். ஒன்று கட்டாயம் வேறு ஊரில் இருக்கட்டும். பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் தம்பி வீடு போதும். பென்டிரைவை நம்ப வேண்டாம். மின்சாரம் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் தேங்கிய மின்னூட்டம் கசிந்து தகவல் அழியக்கூடும். ஹார்டுடிஸ்க்கும் நிரந்தரமல்ல. ஆண்டுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்ற வேண்டும். கூத்து ஆடியவர்களிடமும் பிடித்த வீடியோக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை. அவர்களிடம் நல்ல பிரதி இருக்கவும் கூடும்.

கோப்பாக்கியதும் இன்னொரு வேலை இருக்கிறது. யார் அர்ச்சுனன் வேஷம் கட்டியது, மிருதங்கம் யார், எந்த ஊர்த் திருவிழா, எந்த ஆண்டு என்பதையெல்லாம் தெரிந்த பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, கூத்து இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.