தெருவில் ஒரு முகம்: கேட்டு எடுங்கள், நிறத்தை மாற்றாதீர்கள்

வீட்டில் ஒரு பெரியவர் காலமானால் கண்ணீர் அஞ்சலி அறிவிப்புக்குப் படம் தேடுவோம். பெரும்பாலும் கிடைப்பது அடையாள அட்டைப் படம், இல்லையென்றால் யாரோ ஒருவர் கல்யாணத்தில் ஓரமாக நின்ற படம். அதைப் பெரிதாக்கக் கொடுத்தால், முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கங்களைத் துடைத்து, கோட்டும் மாட்டிவிட்டுத் தருவார்கள். சுவரில் மாலையோடு தொங்கும் படத்தைப் பார்த்து, "இது நம்ம தாத்தாவா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

அதே தாத்தா ஜார்ஜ் டவுனில் லெபோ பசாரிலோ லெபோ பினாங்கிலோ பூக்கட்டியவராகவோ மூட்டை சுமந்தவராகவோ இருந்தால், எத்தனையோ சுற்றுப்பயணிகள் அவரைப் படம் எடுத்திருப்பார்கள். அந்தப் படங்கள் எந்த நாட்டில், யாருடைய கணினியில் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? அவர் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

2008 ஜூலை 7இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. அதன் பிறகு கேமராவோடு வருவோர் பெருகிவிட்டார்கள். பாலிக் புலாவிலிருந்து வார இறுதியில் பட்டணத்துக்குப் போகும் நம் இளையோர் கையிலும் இன்று நல்ல கேமரா உள்ள கைப்பேசி இருக்கிறது. தெருவில் மனிதர்களைப் படம் எடுப்பதும் அதைத் திருத்துவதும் எப்படி என்று அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

படம் உண்டு, பெயர் இல்லை

1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம் மலாயா மக்களைப் படம் எடுத்து விற்றது. அந்தக் காலத்துப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நம் முன்னோர் பலர் இருக்கிறார்கள். கீழே 'கிளிங்' என்றோ 'தமிழ்க் கூலி' என்றோ எழுதியிருக்கும். யார் பிள்ளை, எந்த ஊர் என்று இருக்காது.

இது பழைய கதை மட்டும் இல்லை. 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டையில் பச்சைக் கண்களோடு ஓர் ஆப்கானியச் சிறுமி வந்தாள். பெஷாவர் அருகே அகதி முகாமில் 1984இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம் அது. உலகமே அந்த முகத்தை அறிந்திருந்தது. ஷர்பத் குலா என்ற அவள் பெயர் 2002இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதுவரை அவளும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

நம் ஊரிலேயே வேறு விதமான உதாரணமும் உண்டு. ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா பாலிக் புலாவ் கடைத்தெருச் சுவர்களில் உள்ளூர் மக்களின் முகங்களைப் பெரிதாக வரைந்தார். அவற்றைப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு அவை யாரோ ஒருவரின் முகங்கள் இல்லை. தங்கள் ஊரின் முகங்கள்.

எப்படிக் கேட்பது?

முதலில் கேமராவைக் கீழே இறக்குங்கள். வணக்கம் சொல்லுங்கள். வியாபாரம் நடக்கும் கடை என்றால் வாடிக்கையாளர் போகும்வரை பொறுங்கள். "அண்ணே, வேலை செய்யிறப்ப ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றோ, "பாட்டி, உங்கள ஒரு படம் எடுக்கட்டுமா?" என்றோ கேட்டால் போதும். மலாய்க்காரப் பெரியவரிடம், "பாக்சிக், போலே அம்பில் கம்பார்?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். தூரத்தில் போய் நின்று ஜூம் செய்து எடுப்பது திருட்டுக்குச் சமம்.

சிறுபிள்ளைகள் என்றால் தாய் தகப்பனைக் கேளுங்கள். வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். அவர் வேலை செய்யும் இடம் ஒரு படத்தால் வெளியே தெரிவது அவர் பிழைப்பையே பாதிக்கலாம். தைப்பூசத்தில் தண்ணீர்மலை ஏறும்போது, நனைந்த ஆடையில் பால்குடம் சுமக்கும் பெண்களையும் அருள் வந்த நிலையில் இருப்பவர்களையும் நெருங்கிப் படம் எடுக்காதீர்கள். அந்த நிலையில் அவர்களிடம் அனுமதி கேட்கவும் முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? பொது இடத்தில் நிற்பவரைப் படம் எடுப்பதையே தடுக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளைப் பற்றியது. பாலர்பள்ளிக்கு வெளியே எடுத்த பிள்ளைகளின் படம் விளம்பரத்தில் வந்த வழக்கில், அந்தரங்க உரிமை மீறல் என்று வழக்குத் தொடுக்க இடமில்லை என 2004இல் உயர்நீதிமன்றம் சொன்னது. பின்னர் பெண்களின் மானம் சம்பந்தப்பட்ட வழக்குகளில் நீதிமன்றங்கள் வேறு விதமாகத் தீர்ப்பளித்துள்ளன. ஆகவே சட்டம் தடுக்கவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அஞ்சடி தரும் வெளிச்சம்

பினாங்கின் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே அடிக்கும். கண் இருக்கும் இடம் கருங்குழியாகத் தெரியும். காலை ஒன்பதரை மணிக்குள், அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு எடுப்பது நல்லது.

பகலில் எடுக்க வேண்டுமென்றால் பழைய கடைவீடுகளின் அஞ்சடி இருக்கிறது. மேலே கூரை, ஒரு பக்கம் திறந்த தெரு. அந்தத் திறப்பிலிருந்து மென்மையான வெளிச்சம் பக்கவாட்டில் வரும். அஞ்சடியின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே அவரை நிற்கவைத்து, முகத்தைச் சற்றே தெருப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கடையின் இருண்ட உட்புறம் பின்னணியாகட்டும். முகத்தின் மறுபக்கம் மிகவும் இருட்டாக இருந்தால், கூட வந்தவரை ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும்.

மிக அருகில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியில் 2 மடங்கு லென்சைப் பயன்படுத்துங்கள். முகத்தை அழகாக்கும் 'பியூட்டி' வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

நம் நிறமும் கேமராவும்

எந்தக் கேமராவும் காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெயில் படும் வெள்ளைச் சுவர் இருந்தால், அதைக் குறைக்கப்போய் கறுத்த முகத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, வெளிச்சத்தை முகத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனத்தின் 'ஷர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். பல ஆண்டுகள் படம் கழுவும் கடைகள் அவள் தோல் நிறத்தை வைத்தே எல்லார் படங்களின் நிறத்தையும் சரிபார்த்தன. கறுத்த நிறங்கள் ஃபிலிமில் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் முறையிட்ட பிறகுதான் நிறுவனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. கறுத்த தோலையும் உள்ளபடி காட்டும் ஏற்பாடு என்று கூகுள் 'ரியல் டோன்' வசதியை 2021இல்தான் தன் கைப்பேசியில் அறிமுகப்படுத்தியது.

கேமரா இவ்வளவு தாமதமாக நம் நிறத்தைக் கற்றுக்கொண்டிருக்கும்போது, நாமே அதை வெளுப்பாக்கி அழிக்கலாமா?

திருத்தம் எதுவரை?

ஸ்னாப்சீட், லைட்ரூம் போன்ற செயலிகளில் முதலில் ஓரங்களை வெட்டிச் சீராக்குங்கள். அடுத்து வெளிச்சம், நிழலைக் கொஞ்சம் தூக்கி, நெற்றியின் வியர்வைப் பளபளப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். மூன்றாவது நிறச் சமநிலை. நீலத் தார்ப்பாயின் கீழ் நிற்பவர் நீலமாகத் தெரிவார். வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். இல்லையென்றால் நெற்றி விபூதியைப் பாருங்கள். விபூதி மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் நிறம் தவறு. விபூதி விபூதியாகத் தெரியும்போது முகமும் சரியாக வந்திருக்கும்.

அங்கேயே நிறுத்துங்கள். தோலை வழவழப்பாக்குவது ஒரு தவறு. கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கங்களை வெடித்த நிலம்போல் கூர்மையாக்கி, உழைக்கும் மனிதரைப் பரிதாபமாகக் காட்டுவது இன்னொரு தவறு.

பின்னால் நிற்பவரை 'அழிப்பான்' கொண்டு துடைப்பதும் வேண்டாம். மெக்கரி கியூபாவில் எடுத்த ஒரு தெருப்படம் 2016இல் இத்தாலியில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அதிலிருந்த ஒட்டுவேலை வெளிப்பட்டது. பிறகு தேடியபோது, இந்தியாவில் எடுத்தவை உட்பட வேறு சில படங்களில் ஆட்களே நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தாம் காட்சிகளால் கதை சொல்பவர் என்று அவர் விளக்கம் தந்தார். ஆனாலும் பலரின் நம்பிக்கை குலைந்தது.

திருத்தம் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அவருடைய பிள்ளை இந்தப் படத்தைப் பார்த்தால், "எங்கப்பா இப்படித்தான் இருப்பாரு" என்று சொல்லுமா? சொல்லும் என்றால் படம் சரி.

கடைசி வேலை

படம் எடுத்ததும் அவரிடம் காட்டுங்கள். பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். முகநூலில் போடலாமா, பெயரோடு போடலாமா என்று தனித்தனியே கேளுங்கள். புலனத்தில் அனுப்புவதோடு முடித்துக்கொள்ளாமல், 4ஆர் அளவில் ஒரு பிரதி அச்சிட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு தே தாரேக் விலைகூட ஆகாது.

இந்தப் பழக்கத்தை முதலில் சொந்த வீட்டில் தொடங்கலாம். இந்த ஞாயிறு அம்மாவையோ தாத்தாவையோ வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து ஒரு நல்ல படம் எடுங்கள். அவர்களே பார்த்து, "நல்லாருக்கு" என்று சொல்லட்டும்.