செவ்வாயில் வெள்ளாமை நடக்குமா?



"பூமி கெட்டுப்போச்சு, இன்னும் கொஞ்ச காலத்துல மனுசங்க செவ்வாய்க்குக் குடி போயிருவாங்க" என்று படித்த பிள்ளைகள் இப்போது சாதாரணமாகப் பேசுகிறார்கள். எங்கள் நாரணாபுரம் பக்கம் உழவர்கள் கூடிப் பேசும்போதும் இந்தப் பேச்சு வருகிறது. "விதை, மண்புழு, அமுதக்கரைசல்னே பேசிட்டிருக்கீகளே, அங்க எப்படி வெள்ளாமை பண்ணுவாகன்னு சொல்லுங்க" என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள்.

இதைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிட முடியாது. ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் குடியேறியதாக ஆகாது. அங்கேயே விதைத்து, அறுத்து, உண்டு, பிள்ளை பெற்று வாழ வேண்டும். அதனால் இது ராக்கெட் செய்பவரிடம் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை, சம்சாரியிடமும் கேட்க வேண்டிய கேள்வி. நான் படித்துத் தெரிந்துகொண்டதை நம்ம தொழில் கணக்கில் வைத்துச் சொல்கிறேன். இதில் எங்கள் பட்டாசு வட்டாரத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள சங்கதி ஒன்றும் இருக்கிறது. அதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

போய்ச் சேர முடியுமா?

கருவிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. நம் இஸ்ரோவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. ஆனால் மனிதர் கதை வேறு. 1972 டிசம்பருக்குப் பிறகு நிலவிலேயே யாரும் கால் வைக்கவில்லை. நிலவுக்கு மூன்று நாள் பயணம். செவ்வாய்க்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம். அதுவும் நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. பூமியும் செவ்வாயும் வசதியாக நெருங்கி வருவது 26 மாதத்துக்கு ஒருமுறைதான். ஒரு பட்டம் தவறினால் அடுத்த பட்டத்துக்கு இரண்டு வருசத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

போய் இறங்கினாலும் வெட்டவெளியில் குடிசை போட முடியாது. நம்மைக் காக்கும் கனமான காற்றும் காந்தப்புலமும் அங்கே இல்லை. செவ்வாய்த் தரையில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கதிர்வீச்சு ஒரு நாளைக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட். பூமியில் நாம் இயற்கையாக வாங்குவது சராசரியாக ஆண்டுக்கே 2.4 தான். இங்கே ஒரு வருசத்தில் வாங்குவதை அங்கே நான்கு நாளில் வாங்கிவிடுவோம். ஆகவே வீடும் தோட்டமும் மண்ணுக்கு அடியிலோ கனமான மூடிக்குள்ளோதான் இருக்க முடியும்.

அந்த நிலம் எப்படிப்பட்டது?

நிலம் வாங்கப் போனால் மண், தண்ணீர், வெயில், காற்று நான்கையும் பார்ப்போம் இல்லையா? அதே மாதிரி பார்ப்போம்.

வெயில்: செவ்வாய் சூரியனிலிருந்து நம்மைவிட ஒன்றரை மடங்கு தள்ளி இருப்பதால், நமக்குக் கிடைப்பதில் சுமார் 43 விழுக்காடுதான் அங்கே கிடைக்கும். சராசரி வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி. ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம். பயிருக்கு ஒத்து வருகிற கணக்கு அது ஒன்றுதான்.

காற்று: 95 விழுக்காடு கரியமில வாயு. 'பயிருக்கு நல்லதுதானே' என்று தோன்றும். ஆனால் காற்றின் அழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. திறந்தவெளியில் பாய்ச்சும் தண்ணீர் வாய்க்காலில் ஓடாது. உறையும், இல்லையென்றால் ஆவியாகிப் போய்விடும்.

தண்ணீர்: பனிக்கட்டியாக நிறைய இருக்கிறது. தோண்டி எடுத்து, உருக்கி, சுத்தம் செய்ய வேண்டும்.

மண்: நம்ம செவக்காடும் சிவப்பு, செவ்வாயும் சிவப்பு. இரண்டுக்கும் காரணம் இரும்புத் துருதான். ஆனால் ஒற்றுமை அதோடு முடிந்தது. செவக்காட்டு மண்ணில் வேர் மக்கி, கரையான் அரித்து, மண்புழு தின்று, ஆடு கிடை போட்டு உண்டான உயிர்ச்சத்து இருக்கிறது. வளமான மண் ஒரு கிராமில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழும். செவ்வாயில் இருப்பது உடைந்த பாறைத்தூள். அதில் ஒரு உயிர் இருப்பதாகக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை. உயிர் இல்லாததை நம்ம பாசையில் மண் என்றே சொல்லக்கூடாது.

அந்தத் தூளில் பட்டாசு மருந்து

இப்போது எங்கள் ஊர் சங்கதிக்கு வருகிறேன். 2008இல் செவ்வாயின் வடபகுதியில் ஃபீனிக்ஸ் என்ற கலம் இறங்கி மண் பரிசோதனை செய்தது. நாம் மண் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது போலத்தான், அங்கே ஆய்வுக்கூடமே மண்ணைத் தேடிப் போனது. அந்த மண்ணில் எடைக்கு சுமார் அரை விழுக்காடு பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பது தெரிந்தது.

சிவகாசிக்காரர்களுக்கு இந்தப் பேர் புதிது இல்லை. மூடிய குழாய்க்குள் அடைத்த மருந்து எரிய வெளிக்காற்று போதாது. மருந்துக்குள்ளேயே ஆக்சிஜன் தருகிற உப்பு ஒன்று வேண்டும். அந்த வேலையை வெடியுப்பு செய்கிறது, வண்ண வெளிச்சம் விடும் பேன்சி ரகங்களில் பெர்குளோரேட்டும் செய்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கில் இருக்கும் திட எரிபொருளிலும் இதே குடும்பத்து உப்புதான். ராக்கெட்டைத் தூக்கி அனுப்புகிற உப்பு, போய் இறங்குகிற இடத்தில் மண்ணிலும் கிடக்கிறது.

இது உடம்புக்குள் போனால் என்ன செய்யும்? கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, உணவிலிருந்து அயோடினை உறிஞ்சித்தான் வேலை செய்கிறது. அயோடின் நுழைகிற வாசலில் பெர்குளோரேட் போய் அடைத்துக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் கைக்குழந்தைகளுக்கும்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் பிள்ளையின் மூளை வளர அந்தச் சுரப்பிநீர் வேண்டும். பயிர் வழியாகவும் வரும். இந்த உப்பு தண்ணீரில் சுலபமாகக் கரையும். வேர் உறிஞ்சிய தண்ணீர் இலை வழியாக ஆவியாகும், உப்பு இலையிலேயே தங்கிவிடும். ஆகவே கீரையில்தான் அதிகம் சேரும். செவ்வாயில் கீரை போடுகிறவர் முதலில் இந்த உப்பைக் கழுவி எடுக்க வேண்டும்.

பூமியில் இது ஏன் அந்த அளவுக்கு இல்லை? மழை கழுவிவிடுகிறது. அதோடு, சில நுண்ணுயிர்கள் பெர்குளோரேட்டில் உள்ள ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டு, சாதாரண உப்பில் உள்ள குளோரைடாக அதை மாற்றிவிடுகின்றன. காற்று இல்லாத ஈர இடத்தில், தின்பதற்கு அங்ககப் பொருள் இருந்தால் இந்த வேலை நடக்கும். நைட்ரேட் மிகுதியாக இருந்தால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும், பெர்குளோரேட் காத்துக் கிடக்கும். செவ்வாயில் மழையும் இல்லை, இந்த நுண்ணுயிரும் இல்லை. அதனால் அப்படியே கிடக்கிறது.

நம்ம கிணறுகளில்

செவ்வாயை விடுங்க. மதுரை, சிவகாசி வட்டாரத் தண்ணீரைச் சோதித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17இல் பெர்குளோரேட், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடிநீருக்குச் சொன்ன அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. மிக அதிகமாக இருந்த மாதிரியில் 7,690. அதாவது ஐந்நூறு மடங்குக்கு மேல். மதுரை மாதிரிகளில் ஒன்றுகூட அந்த அளவைத் தாண்டவில்லை.

பட்டாசுத் தொழிலைத் தூற்ற இதைச் சொல்லவில்லை. மழை பொய்த்த வருசங்களில் எங்கள் ஊர்க் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது அந்தத் தொழில்தான். சம்சாரி வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே வேலை பார்க்கிறார்கள், அவர்கள்தான் அந்தத் தண்ணீரையும் குடிக்கிறார்கள். அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முளைத்தது, விளையவில்லை

பயிர்ச் சோதனைகள் என்ன சொல்கின்றன? 2019 ஜனவரியில் சீனாவின் சாங்'இ-4 கலம் நிலவுக்குக் கொண்டுபோன மூடிய பெட்டியில் பருத்தி விதை முளைத்தது. நிலவின் இரவு நமக்குப் பதினான்கு நாள் நீளம். இரவு வந்ததும் குளிரில் செத்துவிட்டது. நம்ம கரிசக்காட்டுப் பருத்திக்கு எத்தனை சோதனை வந்தாலும் அந்தச் சோதனை வந்ததில்லை.

2022இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தார், அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலவு மண்ணில் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றை வளர்த்தார்கள். செடிக்கு ஒரு கிராம் மண்தான். சத்துக்கரைசல் ஊற்றி வளர்த்தும் வேர் குறுகி, செடி நலிந்தே வளர்ந்தது. நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணைப் போன்ற தூளைத் தயாரித்தது. அது சந்திரயானின் தரையிறக்கச் சோதனைக்கு, சாகுபடிக்கு இல்லை.

2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில், இஸ்ரோ எட்டு தட்டைப்பயறு (காராமணி) விதைகளை ஒரு பெட்டியில் வைத்து அனுப்பியது. நம்மாழ்வார் ஐயாவின் நினைவு நாளும் அதுதான். நான்கு நாளில் முளைத்து, பிறகு இலையும் விட்டது. சந்தோசப்பட வேண்டிய செய்திதான். ஆனால் விதைக்குள்ளேயே முளைக்கிறதுக்கான சாப்பாடு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். பூத்து, காய்த்து, அந்தக் காயில் அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்தால்தான் வெள்ளாமை.

மூன்று ஏக்கர் கண்ணாடி உலகம்

குடியேற்றத்துக்கு மிக நெருக்கமான சோதனை பூமியிலேயே நடந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர்-2 என்ற பேரில் 3 ஏக்கர் சொச்சத்தைக் கண்ணாடியால் மூடி, 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே விட்டுப் பூட்டினார்கள். இரண்டு வருசம். சுமார் அரை ஏக்கரில் நெல், கோதுமை, சர்க்கரைவள்ளி, நிலக்கடலை, வாழை, பப்பாளி எல்லாம் போட்டார்கள். பூச்சிமருந்து தெளிக்கவில்லை. தெளித்தால் அதே விசம் அவர்கள் குடிக்கும் தண்ணீரிலும் சுவாசிக்கும் காற்றிலும் திரும்பி வரும் என்று அங்கே கண்கூடாகத் தெரிந்தது. தங்கள் சாப்பாட்டில் சுமார் 80 விழுக்காட்டை அங்கேயே விளைவித்தார்கள். ஆனாலும் எல்லோரும் மெலிந்துபோனார்கள். மகரந்தச் சேர்க்கை செய்கிற பூச்சிகள் செத்தன. எறும்பும் கரப்பானும் பெருகின.

பெரிய அதிர்ச்சி காற்றில் வந்தது. 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் சுமார் 14க்கு இறங்கிவிட்டது. வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. காரணத்தைத் தேடினால், மக்கு நிறைந்த வளமான மண்! அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விட்டன. அந்த வாயுவைச் செடிகள் திருப்பி எடுப்பதற்குள் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. மண் மூச்சு விடுகிறது என்று நாம் கூட்டங்களில் சொல்வது உவமை இல்லை, அளந்து பார்த்த உண்மை. இங்கே அந்த மூச்சுக்கு ஈடுகொடுக்கக் கடலும் காடும் இருக்கின்றன. மூன்று ஏக்கருக்குள் அந்தக் கணக்கு நிற்கவில்லை.

முடிவாக என்ன சொல்லலாம்?

பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி, செவ்வாயின் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது. 2021 முதல் 2023 வரை மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 840 கிராம் வேண்டும். அந்த 122 கிராம் மூன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும். முடியும் என்று காட்டியது பெரிய காரியம்தான். ஆனால் ஊருக்குக் காணாது.

என் கணிப்பு இதுதான். அண்டார்டிகாவில் நம் நாட்டு மைத்ரி, பாரதி நிலையங்களில் ஆய்வாளர்கள் தங்கிவிட்டு வருகிற மாதிரி, செவ்வாயிலும் சிலர் போய்த் தங்கி வரும் காலம் வரலாம். சாப்பாடு பெரும்பாலும் பூமியிலிருந்து போக வேண்டும். தானே விளைவித்துத் தலைமுறையாக வாழ்கிற ஊர், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் உண்டாகும் என்று எனக்குப் படவில்லை. எவ்வளவு கெட்டுப்போன பூமியும் செவ்வாயைவிடப் பல மடங்கு நல்ல நிலம். இங்கே காற்று இருக்கிறது, மழை வருகிறது, மண்ணைத் திருத்துகிற உயிர்கள் கூலி கேட்காமல் உழைக்கின்றன. ஆகவே 'போயிரலாம்' என்ற நினைப்பை விட்டுவிட்டு, இங்கே செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

பட்டாசு வட்டாரத்து உழவர்களுக்கு

• ஆலைக்குப் பக்கத்துக் கிணறு, போர் தண்ணீரைப் பெர்குளோரேட் உண்டா என்று கேட்டுச் சோதிக்க வேண்டும். வழக்கமான பாசன நீர்ச் சோதனையில் இது தெரியாது. தனி ஆளாக முடியாது என்றால் பத்துப் பேர் சேர்ந்து, மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்க.

• தண்ணீரைக் காய்ச்சினால் இந்த உப்பு போகாது, இன்னும் கெட்டிப்படும். ஆர்.ஓ. சுத்திகரிப்பில் பெருமளவு குறையும்.

• சந்தேகமான தண்ணீரைக் கீரைக்குப் பாய்ச்ச வேண்டாம். மழைநீர் தேக்கிய பண்ணைக்குட்டை இருந்தால் அதைக் கீரைக்கும் குடிநீருக்கும் ஒதுக்குங்க.

• வீட்டில் அயோடின் உப்பையே பயன்படுத்துங்க. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இதை விட்டுவிடக்கூடாது.

• மருந்து அறை கழுவிய தண்ணீரும் கழிவு மருந்தும் ஓடைக்கோ கம்மாய்க்கோ போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஆலைக்காரர்களிடம் ஊர்க்கூட்டமாகப் பேசுங்க. நிலத்தடி நீரில் கலந்த பிறகு எடுப்பது கடினம், கலக்காமல் தடுப்பது சுலபம்.

• காட்டில் மக்கும் மூடாக்கும் குறையாமல் வைத்திருங்க. ஏக்கருக்கு ஏக்கர் யூரியா கொட்டுவதை நிறுத்துங்க. மண்ணைத் திருத்துகிற உயிர்களுக்குச் சாப்பாடு போடுவது நம் கையில் இருக்கிறது. குதிரைவாலியும் பயறும் விளைகிற இந்த மானாவாரிக் காடுகளை மனைக்கு விற்கும் முன், செவ்வாயில் ஒரு பிடி மண்ணை உண்டாக்க எத்தனை பாடு என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பேசுங்க.