அனைத்துத் தரை முச்சக்கர ஊர்தி மீளமைப்பு

அனைத்துத் தரை முச்சக்கர ஊர்தி என்பது மணல், பனி, சேறு போன்ற தரைகளில் ஓட்டுவதற்காக, முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று அகன்ற சக்கரங்களுடன் உருவாக்கப்பட்ட மோட்டார் ஊர்தி ஆகும். பயணிகளை ஏற்றிச்செல்லும் ஆட்டோரிக்சாவில் இருந்து இது வேறுபட்டது. ஓட்டுபவர் மோட்டார் சைக்கிளில் அமர்வதைப் போல இதன் மேல் கால் பரப்பி அமர்ந்து ஓட்டுவார். 1970களிலும் 1980களிலும் ஐக்கிய அமெரிக்காவில் இவை பெருமளவில் விற்பனையாயின. 1988க்குப் பின்னர் பெரிய நிறுவனங்கள் எவையும் அங்கு இவற்றை விற்கவில்லை. எஞ்சியுள்ள பழைய ஊர்திகளைத் தேடிச் சேகரிப்பதும் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதும் இன்று ஒரு பொழுதுபோக்காக உள்ளன.

வரலாறு

பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை குறைந்துவிடுவதால், அக்காலத்திலும் விற்கக்கூடிய ஒரு பொருள் வேண்டுமென 1960களின் இறுதியில் ஓண்டா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை கேட்டுக்கொண்டது. ஒசாமு தாக்கேயுச்சி என்ற பொறியியலாளர் தலைமையிலான குழு பல வடிவங்களைச் செய்து பார்த்து, குறைந்த காற்றழுத்தம் கொண்ட பெரிய பலூன் டயர்களுடன் கூடிய முச்சக்கர வடிவத்தைத் தெரிவு செய்தது. யுஎஸ்90 என்ற பெயரில் 1970இல் வெளிவந்த இவ்வூர்தி, விரைவிலேயே ஏடிசி90 எனப் பெயர் மாற்றப்பட்டது. இதன் எஞ்சின் 89 கன செ.மீ. கொள்ளளவு கொண்ட நான்கடிப்பு வகையாகும். 1971இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படமான டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவரில் இவ்வூர்தி இடம்பெற்றது.

1980களின் தொடக்கத்தில் யமாகா, கவாசாக்கி, சுசுக்கி ஆகிய நிறுவனங்களும் இத்துறையில் நுழைந்தன. 1981 மாதிரியான ஓண்டா ஏடிசி250ஆர், ஈரடிப்பு எஞ்சினும் அதிர்வுதாங்கிகளும் கொண்ட பந்தய வகை ஊர்தி. கவாசாக்கி டெக்காட்டே, யமாகா ட்ரை-இசட் ஆகியவை இதற்குப் போட்டியாக வந்தன.

விபத்துகள் பெருகியதால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. இறந்தவர்களில் கணிசமானோர் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். 1988 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி முச்சக்கர வகையின் விற்பனை நிறுத்தப்பட்டது. பத்து ஆண்டுகளில் உடன்பாடு காலாவதியானபோதும் நிறுவனங்கள் இவ்வகைக்குத் திரும்பவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டம் புதிய முச்சக்கர ஊர்திகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது.

ஆனால், ஏற்கனவே விற்கப்பட்ட ஊர்திகளை நிறுவனங்கள் திரும்பப் பெறவேண்டும் என 1988 உடன்பாடு கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அவை உரிமையாளர்களிடமே தங்கின. பல கொட்டகைகளிலும் பண்ணைகளிலும் கைவிடப்பட்டன. இன்றைய சேகரிப்பாளர்களுக்குக் கிடைப்பவை இவையே.

ஆபத்தின் காரணம்

இவ்வூர்திகளில் பெரும்பாலானவற்றின் பின் அச்சு ஒரே திண்மத் தண்டாகும். கார்களில் உள்ளது போன்ற வேறுபாட்டுப் பல்லிணை இதில் இல்லை. எனவே திரும்பும்போதும் இரு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்று ஊர்தியை நேராகத் தள்ளுகின்றன. ஓட்டுபவர் தன் உடல் எடையை நகர்த்தி உட்புறச் சக்கரத்தின் சுமையைக் குறைத்தால்தான் அது வழுக்கித் திரும்பும். அதே வேளையில் உடலை வளைவின் உட்பக்கம் சாய்க்காவிட்டால் ஊர்தி வெளிப்புறமாகக் கவிழும். முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால் ஊர்தியின் தாங்குதளம் முக்கோண வடிவினது. இதுவும் கவிழும் தன்மையை மிகுவிக்கிறது. மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால், பின் சக்கரம் காலின் மேல் ஏறிவிடக்கூடும்.

தொடக்க கால மாதிரிகளில் அதிர்வுதாங்கிகள் இல்லை. டயர்களே அப்பணியைச் செய்தன. அளவுக்கு மேல் காற்றடித்தால் ஊர்தி பந்து போலத் துள்ளும். இரு பின் டயர்களிலும் காற்றழுத்தம் வேறுபட்டால் ஊர்தி ஒரு பக்கமாக இழுக்கும்.

மீளமைக்கும் முறை

முதலில் ஊர்தி எந்த ஆண்டைச் சேர்ந்தது என அடையாளம் காணப்படுகிறது. 1980களின் நடுப்பகுதியில் வந்த ஓண்டா ஊர்திகளில் சட்டக எண்ணின் பத்தாவது எழுத்து மாதிரி ஆண்டைக் காட்டும். 'எஃப்' 1985ஐயும் 'ஜி' 1986ஐயும் குறிக்கும். இது முக்கியமானது. எடுத்துக்காட்டாக, ஏடிசி250ஆர் 1984 வரை காற்றாலும் 1985 முதல் நீர்மத்தாலும் குளிரூட்டப்பட்டது. இவற்றின் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா.

நீண்ட காலம் நின்ற ஊர்தியில் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். எஃகுத் தாங்கியின் உட்புறத் துரு மெல்லிய அமிலத்தால் நீக்கப்பட்டு, பின் நடுநிலையாக்கி உலர்த்தப்படுகிறது. தேய்ந்த உருளை சற்றே பெரிதாகக் கடையப்பட்டு, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் பொருத்தப்படுகிறது.

ஈரடிப்பு எஞ்சின்களில் வணரித்தண்டின் ரப்பர் அடைப்புகள் காலப்போக்கில் இறுகிவிடுகின்றன. அவ்வழியே காற்று நுழைந்தால் எரிபொருள் விகிதம் குறைந்து, எஞ்சின் மிகையாகச் சூடேறி பிஸ்டன் இறுகிவிடும். ஆகவே இயக்குவதற்கு முன் எஞ்சினை மூடி, சிறிதளவு காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு சோதிக்கப்படுகிறது. பின் அச்சின் தாங்கிகளும், பிடியை விட்டதும் உடனே பின்வாங்கவேண்டிய கட்டைவிரல் முடுக்கியும் கட்டாயம் சரிபார்க்கப்பட வேண்டியவை.

உதிரிப் பாகங்களும் அசல் தன்மையும்

பிஸ்டன், தாங்கிகள், அடைப்புகள் போன்றவற்றை வேறு நிறுவனங்கள் செய்து விற்பதால் அவை எளிதில் கிடைக்கின்றன. வெயிலில் நிறம் மங்கி உடையும் நெகிழி மட்காப்புகள், இருக்கை உறைகள், ஒட்டுப்படங்கள் ஆகியவற்றுக்கும் மறு உற்பத்திகள் உண்டு. மிக அரியவை முதற்கால ஊர்திகளின் பாகங்கள். முதல் ஏடிசி90இன் டயர்கள் வழக்கமான சக்கர வளையம் இன்றிப் பொருத்தப்பட்டவை. பயிர்த்தாள்கள் குத்தி எளிதில் துளைபட்டன. 1975 மாதிரியில் இழைவலுவூட்டிய டயர்களும் எஃகுச் சக்கரங்களும் வந்தன. இதனால் பழைய வகை டயர்கள் கெடாமல் கிடைப்பது அரிது.

இக்காரணத்தால் சேகரிப்பாளர்களிடையே இரு போக்குகள் உள்ளன. ஒரு சாரார் அனைத்தையும் புதிதாக்கி, கடையில் இருந்து வந்தது போன்ற தோற்றத்தை விரும்புகின்றனர். மற்றொரு சாரார் அசல் வண்ணத்தையும் தழும்புகளையும் விட்டுவைத்து, இயங்கும் பாகங்களை மட்டும் சீர்செய்கின்றனர். வண்ணத்தையும் ஒட்டுப்படங்களையும் ஒருமுறை நீக்கினால் அவ்வரலாற்றுச் சான்று மீளாது என்பது இவர்களின் வாதம்.

எவ்வகையில் மீளமைத்தாலும் ஊர்தியின் அடிப்படைக் குறை நீங்குவதில்லை. எஞ்சின் புத்துயிர் பெறும்போது கவிழும் தன்மையும் ஓட்டத்துக்குத் திரும்புகிறது. எனவே தலைக்கவசம், காலணி ஆகியவற்றுடன் முறையான பயிற்சியும் தேவை. பெரியவர்களுக்கான ஊர்திகளைச் சிறுவர்களிடம் கொடுத்தலும், ஒருவருக்கான இருக்கையில் இருவர் அமர்தலும் தவிர்க்கப்பட வேண்டும்.