கர்னலைச் சுமக்கும் வேலை

சென்னை ஐஐடியில் வடிவமைத்த ‘சக்தி’ செயலி 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. 400 மெகாஹெர்ட்ஸ் வேகம், ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பு என்றெல்லாம் எழுதினார்கள். மின்சாரம் பாய்ந்ததற்கும் லினக்ஸ் எழுந்ததற்கும் இடையில் பெரும்பாலான செயலிகள் செய்தாக வேண்டிய எடுபிடி வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஃபிளாஷ் சில்லில் கிடக்கும், லினக்ஸின் மையக் கருவான கர்னலை ரேமுக்குச் சுமந்துபோவதுதான் அந்த வேலை.

ஒவ்வொரு பைட்டாக எடுத்து வைக்கலாம். மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் வாரிய உப்பை, கூடையை விட்டுவிட்டு, பிடிப்பிடியாக மேட்டுக்குக் கொண்டுபோவது போன்றது அது. 64 பிட் செயலியின் கூடையில் 8 பைட் கொள்ளும். 8 எம்பி கர்னலுக்குச் சுமார் 84 லட்சம் நடை, பத்தரை லட்சமாகக் குறையும். கேச் இன்னும் இயங்காத அந்த நேரத்தில் ஒவ்வொரு நடையும் ரேம் வரை போயாக வேண்டும் என்பதால், இந்தக் கணக்கு சாதாரணமானதல்ல.

சிக்கல் முகவரியில் இருக்கிறது. எட்டால் வகுபடாத முகவரியில் எட்டு பைட் கேட்டால் சில செயலிகள் சமாளிக்கும், சில கைவிரிக்கும். ரிஸ்க்-வி இரண்டையும் அனுமதிக்கிறது. கைவிரித்தால் ஓப்பன்எஸ்பிஐ போன்ற அடிநிலை மென்பொருள் குறுக்கிட்டு, பைட் பைட்டாக, ஆமை வேகத்தில் முடித்துக்கொடுக்கும். ஆனால் அந்த மென்பொருளே இன்னும் எழாத கட்டத்தில்? எந்திரம் அப்படியே நின்றுவிடும், திரையில் ஓர் எழுத்துகூட வராது. எனவே நகல் நிரல் முதலில் சில பைட்களை ஒற்றையாக நகர்த்தி, சேருமிடத்தின் முகவரியைச் சீர்செய்யும். பிறகு எட்டெட்டாக ஓடும். மிச்சத்தை மறுபடி ஒற்றையாக முடிக்கும். எடுக்குமிடம் அப்போதும் சீராகாவிட்டால், அடுத்தடுத்த இரண்டு எட்டுகளை வாசித்து, வெட்டி ஒட்டி ஒன்றாக்கும்.

கம்பைலரும் காலை வாரிவிடும். நினைவக நகலுக்கான ‘மெம்காப்பி’ என்ற பெயரில் நாமே ஒரு சுழலை எழுதினால், “இது மெம்காப்பி வேலையாயிற்றே” என்று ஜிசிசி கம்பைலர் அந்த இடத்தில் மெம்காப்பியையே அழைத்துவைக்கலாம். தன்னைத் தானே அழைத்துக்கொண்டு நிரல் முடிவில்லாமல் சுற்றும். அந்த அதிபுத்திசாலித்தனத்தை அணைத்துவைக்கத் தனி விசை உண்டு.

என்னைக் கேட்டால், சுழலைச் செதுக்குவதற்கு முன் ஒன்றுக்கு மேல் நகல் தேவையா என்று பார்ப்பதே முதல் வேலை. 64 பிட் ரிஸ்க்-வி லினக்ஸ் 2 எம்பியால் வகுபடும் முகவரியில் அமர வேண்டும். வேறெங்காவது இறக்கினால், லினக்ஸை ஏற்றிவிடும் யு-பூட் நிரல் அதை முழுவதுமாகத் தூக்கி உரிய இடத்துக்கு மாற்றும். முதலிலேயே சரியான முகவரியைக் கொடுத்துவிட்டால், அந்த இரண்டாம் சுமை இல்லை.